நெற்றியில் விழுந்த வெளிச்சம்

படம் எடுக்குமுன் வெளிச்சத்தை அளக்க, தேவராஜா ஒளிமானியைப் பத்மாசினியின் முகத்துக்கு நேரே பிடித்தார். ஊசி எழும்பிச் சரியான எண்ணில் நின்றது.

உடனே ஒரு நிழல் விழுந்தது. ஊசி படுத்துவிட்டது.

நிழல் மாமியார் நல்லம்மாவுடையது. மருமகளின் குங்குமப் பொட்டை விரலால் இன்னொரு தரம் வட்டமாக்கிக்கொண்டிருந்தாள்.

"அடையாள அட்டையெண்டால் சாகுமட்டும் கையிலை இருக்கிற சாமான். பொட்டோடைதான் எடுக்கவேணும். நாளைக்கு என்ரை பிள்ளை வந்து பாத்தால் என்ன நினைப்பான்?"

"மூண்டு வருசம், மூண்டு வாடை கழிஞ்சுது மாமி." நாற்காலியின் மறுபக்கம் நின்ற, பத்மாசினியின் தமையன் ஆழ்வாப்பிள்ளை சொன்னான். "கடல் திருப்பித் தாறதெண்டால் எப்பவோ தந்திருக்கும். பொட்டை அழிக்கட்டும். செத்தவருக்குச் செய்யிற அந்தியேட்டியைச் செய்வம். இவள் எத்தினை நாளைக்கு ரெண்டுங்கெட்டு நிக்கிறது?"

அடையாள அட்டை முதன்முதலாக வந்த காலம். கரவெட்டியிலிருந்து கமராவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, கடற்கரை வாசிகசாலையின் ஒற்றை அறையில் படம் எடுத்துக்கொண்டிருந்தார் தேவராஜா. வெளியே வரிசை நின்றது. பத்மாசினியின் புருஷன் கனகலிங்கம் தொழிலுக்குப் போன வள்ளத்தின் ஒரு பலகைகூடக் கரைக்கு வரவில்லை என்பது அந்த வரிசை முழுவதற்கும் தெரியும்.

பத்மாசினி இருவரையும் பார்க்கவில்லை. யன்னலுக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கடல்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியிலை நில்லுங்கோ. உங்கடை நிழல் விழுகுது" என்றார் தேவராஜா. அதில் பொய் ஒன்றுமில்லை.

கதவு சாத்தியதும் அறை தண்ணீருக்குள் இறங்கியதுபோல அடங்கியது. கடலின் வெளிச்சம் கூரையில் நெளிந்தது.

அவர் கமராவுக்குள் பார்த்தார். இரண்டு பத்மாசினிகள் தெரிந்தார்கள். ஒருத்தி தெளிவாக, ஒருத்தி அவளருகே ஆவிபோல. தெளிவு பார்க்கும் வளையத்தைத் திருப்பத் திருப்ப இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் நகர்ந்து வந்தார்கள். ஒன்றாகப்போகிற வேளையில் அவள் கை எழுந்தது. சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நெற்றிவரை வந்து, அங்கேயே நின்றது.

தேவராஜா பொறுத்திருந்தார்.

"என்ன அண்ணை, உள்ளை கலியாணப் படமோ எடுக்கிறியள்?" வரிசையில் யாரோ கத்தினார்கள். சிரிப்புக் கேட்டது.

கை மடியில் விழுந்தது.

"எனக்குத் தெரியேல்லை அண்ணை" என்றாள். "வைச்சிருந்தாலும் பொய் மாதிரிக் கிடக்கு. அழிச்சாலும் பொய் மாதிரிக் கிடக்கு."

தேவராஜா காலையில் செபம் பண்ணாமல் கமராவைத் தொடாத மனிதர். இருப்பதை இருப்பதாகக் காட்டவேண்டும் என்பது அவர் தொழிலில் வைத்திருந்த பக்தி. யார் கெஞ்சினாலும் ஒரு மறுவைக்கூடப் படத்தில் அழித்துக் கொடுத்தவரல்லர். ஆனால் இங்கே இருப்பது எது என்பது ஆண்டவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் இன்னும் வாய் திறக்காத விஷயத்தில் தான் முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்வதா?

தொழில் பழகிய நாளில் ஒரு கலியாண வீட்டில் வெளிச்ச அளவு பிழைத்து, மணப்பெண்ணின் பொட்டும் வெளிச்சத்தில் கரைந்துபோய் ஊரெல்லாம் ஏச்சு வாங்கியது அவருக்கு நினைவு வந்தது.

எழுந்து போனார். பேப்பர் அலுமாரிக்குக் கீழே இருந்த இருட்டில் ஒளிமானியைப் பிடித்தார். ஊசி அசைந்ததும் அசையாததுமாக நின்றது. அந்த இருட்டுக்கு என்ன அளவோ, அதையே கமராவில் வைத்தார்; வெளிச்சம் விழும் இடமெல்லாம் இனி வெளுத்துக் கரைந்துபோகும்.

"தலையைக் கொஞ்சம் பணியுங்கோ தங்கச்சி. கோயிலிலை நிக்கிற மாதிரி."

அவள் பணிந்தாள். யன்னல் வழியே வந்த கடல் வெளிச்சமெல்லாம் அவள் நெற்றியில் ஏறியது. வளையத்தை மெல்லத் திருப்பினார். இரண்டு பேரும் ஒருத்தியானார்கள்.

பொத்தானை அமத்தினார்.

அடுத்த கிழமை படங்களோடு அதே வாசிகசாலைக்கு வந்தார். கண்கள் இமைமயிர் எண்ணுமளவுக்குத் தெளிவு. கண்களுக்கு மேலே, அலை வழிந்து போன மணலைப்போல ஒரே வெண்மை. யாராவது கேட்டால் சொல்ல, 'மீற்றர் பிழைச்சுப்போச்சு, திருப்பி எடுத்துத் தாறன்' என்று ஒரு வசனத்தையும் வழியெல்லாம் பாடமாக்கி வந்திருந்தார்.

நல்லம்மா படத்தை யன்னலடிக்குக் கொண்டுபோனாள். ஆழ்வாப்பிள்ளை அவளுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். அவரவருக்கு வேண்டியதை அவரவர் கண்டு ஆறுதலடையட்டும். அவ்வளவுதான் தேவராஜா வேண்டிக்கொண்டது.



"பொட்டு இல்லை" என்றாள் நல்லம்மா. "உள்ளை அழிச்சுப்போட்டு, வெளியிலை வரமுன்னம் எங்களுக்காகத் திருப்பி வைச்சிருக்கிறாள், பாவம். நீ சொன்னதுதான் சரி தம்பி. செய்யவேண்டியதைச் செய்வம்."

ஆழ்வாப்பிள்ளை படத்தை வாங்கிக் கண்ணோடு சேர்த்துப் பிடித்தான்.

"வடிவாப் பாருங்கோ மாமி. பொட்டு இருக்குது. வெளிச்சம்தான் மறைக்குது."

"இல்லையடா தம்பி."

"இருக்குதெண்டிறன். மச்சான் திரும்பி வரட்டும், அவருக்கே காட்டிக் கேட்டுப் பாருங்கோ."

பாடமாக்கி வந்த வசனம் தேவராஜாவுக்கு மறந்துபோயிற்று. வாசலில் வளையல் சத்தம் கேட்டது. பத்மாசினி வந்து நிற்கிறாள் என்று தெரிந்தது.

அவர் குனிந்து சைக்கிள் பையின் வாரைக் கட்டத் தொடங்கினார். அவள் நெற்றியில் இன்றைக்கு என்ன இருக்கிறது என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.