ராய்னாவுக்கும் ஒரு ஸ்கேன்

"இன்னைக்கு செவ்வாய்க்கிழமைதானே?" என்று கேட்டபடி ராய்னா வார்டுக்குள் நுழைந்தாள்.

கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்த அவள் புருஷன் வெலிச்கோவுக்குச் சுருக்கென்றது. "வியாழன்!"

"சரி, ஏதோ ஒண்ணு."

"ஏதோ ஒண்ணா? உன் இஷ்டத்துக்குப் பொறுக்கி எடுத்துக்க, கிழமை என்ன கடைத் தக்காளியாடி?"

இதய வால்வை மாற்றிச் சில நாள்தான் ஆகியிருந்தது. பேசினால் மார்புத் தையல் இழுத்தது. அதற்காகத் தப்பைத் திருத்தாமல் விட்டுவிட முடியுமா? ஆயுள் முழுக்க நாளிதழில் பிழை திருத்திய மனிதர். தெருக்கம்பத்தில் ஒட்டும் மரண அறிவிப்பைக்கூடச் சிவப்புப் பேனாவும் கையுமாக நின்று திருத்துவார். ஒருமுறை செத்தவரின் மகன் இரண்டு தெரு துரத்திக்கொண்டு வந்ததும் உண்டு.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் இஸ்க்ரா அவர் மூளையை ஸ்கேன் எடுத்தபோதே அவருக்குக் கோபம்.

"ரிப்பேர் நெஞ்சுல. நீங்க எதுக்குத் தலைக்குள்ள எட்டிப் பாக்கறீங்க?"

டாக்டர் படத்தைக் காட்டினாள். மூளை கொஞ்சம் சுருங்கியிருந்தது. அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள்.

"இப்படி இருக்கிறவங்களுக்கு ஆபரேஷன் முடிஞ்சதும் புத்தி தடுமாறலாம், ஐயா. எங்க இருக்கோம், என்ன நாளுன்னே புரியாது. சிலருக்குப் பழைய தெளிவு திரும்பறதே இல்ல. கூட இருக்கிறவங்கதான் விடாம பேச்சுக் கொடுக்கணும்."

"என் புத்தியா? தடுமாறட்டும், பாப்போம்!"

வீறாப்பாகச் சொன்னாரே தவிர, உள்ளுக்குள் நடுங்கிப் போனார். செத்துப் போவதுகூட அவருக்குப் பெரிதில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாமல் உயிரோடு இருப்பதை நினைத்தால்தான் பயம்.

பயந்தபடியே ஆயிற்று. ஆபரேஷனுக்கு மறுநாள் சுவரெல்லாம் எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. நர்ஸ் வந்து, "தாத்தா, இது எந்த மாசம்? எந்த ஊரு?" என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை.

"நான் என்ன பள்ளிக்கூடத்துப் பையனா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ராய்னா உளற ஆரம்பித்தாள்.

"நாளைக்குப் புனித கியோர்கி நாளாச்சே. விருந்துக்கு ஆட்டுக்குட்டி சொல்லி வைக்கணும்."

எங்கோ மிதந்துகொண்டிருந்த வெலிச்கோ நின்று யோசித்தார். கியோர்கி நாள் வசந்தத்தில் அல்லவா வரும்? ஜன்னலுக்கு வெளியே பழுத்த இலைகள் உதிர்ந்துகொண்டிருந்தன. தட்டுத் தடுமாறி ஒருவழியாகப் பிடித்துவிட்டார்.

"அது... மே மாசம்டி. இது அக்டோபர். நாளைக்குப் புனித திமித்தர் நாள். அந்தப் புனிதர் பேரை வச்ச உன் தம்பி மகன் மித்கோவோட பெயர் நாள். வாழ்த்துச் சொல்லலைன்னா வருஷம் பூரா மூஞ்சியைத் தூக்கி வச்சிக்குவான்."

"அப்படியா?" என்று ராய்னா ஆப்பிளை நறுக்கினாள்.

அதோடு விட்டாளா? மறுநாள் இதைக் கடற்கரை ஊரான வர்ணாவின் ஆஸ்பத்திரி என்றாள். ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று வரும் என்றாள்.

"நம்ம ஊரு ப்ளொவ்தீவுல ஏதுடி கடல்?" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் விழித்துக்கொண்டார்.

அதற்கும் மறுநாள், குளிர்காலத்துக்கு வைக்கும் மிளகாய்த் துவையலில் வெள்ளரிக்காயைப் போட்டு அரைத்துவிட்டதாகச் சொன்னாள். வெலிச்கோ யார் கையையும் பிடிக்காமல் முதல்முறையாக எழுந்து உட்கார்ந்தார்.

"வெள்ளரிக்காயா! கத்தரிக்காய்டி, கத்தரிக்காய்!"

இன்றைக்குக் கிழமையும் போய்விட்டது.

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். "தலையை ஸ்கேன் பண்ண வேண்டியது உங்களுக்கு இல்ல போலிருக்கே!"

வெலிச்கோவும் சேர்ந்து சிரித்தார். ராய்னா கிளம்பிப் போன பிறகுதான் சிரிப்பு நின்றது. மாசம், ஊர், சமையல், கிழமை. ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டு வருகிறதே! அடுப்பை அணைக்க மறந்துவிட்டால்? வீட்டுக்கு வழி தெரியாமல் தெருவில் நின்றால்? இத்தனை வருஷம் அவளைத் திருத்திய நேரத்தில் ஒருநாளாவது அவள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. இனி அவளைப் பார்த்துக்கொள்ளவாவது சீக்கிரம் எழுந்து நடக்க வேண்டும்.

நடக்கவும் செய்தார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் இஸ்க்ராவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் தலை தேறிடுச்சு, டாக்டர். இவ தலையையும் ஒரு தடவை அந்த மெஷின்ல போட்டுப் பாருங்க. எனக்குன்னு இருக்கிறது இவ ஒருத்திதான்." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

டாக்டர் ராய்னாவைப் பார்த்தாள். "போதும்மா. மனுஷர் நிஜமாவே பயந்துட்டார்."

ராய்னா மூச்சு விடாமல் ஒப்பித்தாள். "திங்கட்கிழமை. நவம்பர் ஒண்ணாந்தேதி. ஊரு ப்ளொவ்தீவ். மித்கோவுக்கு அன்னைக்கே வாழ்த்துச் சொல்லியாச்சு. துவையலுக்குக் கத்தரிக்காய்."

வெலிச்கோ வாயைப் பிளந்தார். "அப்போ இத்தனை நாளா ஏன்டி..."

"நர்ஸ் கேட்டப்போ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டியே, மனுஷா," என்றாள் ராய்னா, அவருடைய கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டபடி. "கேள்வி கேட்டா நீ பதில் சொல்ல மாட்டே. ஆனா நான் ஒண்ணு தப்பாச் சொன்னா, சவப்பெட்டிக்குள்ள கிடந்தாலும் மூடியைத் தள்ளிக்கிட்டு எழுந்து வந்து திருத்துவே!"