அப்பாவுக்கு ஒரு வேலை

“என்னையும் வேலையை விட்டு அனுப்பிட்டாங்க.”

செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார் அப்பா. மழை வரும்போல இருக்கு என்று சொல்கிற அதே குரல். கையில் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் அவருடைய தண்ணீர் பாட்டில், மூக்குக்கண்ணாடிக் கூடு, நாற்காலியில் போட்டு உட்காரும் குஷன்.

சோபாவில் படுத்திருந்த மகன் எழுந்து உட்கார்ந்தான். அவன் வேலை பார்த்த மென்பொருள் நிறுவனம் ஒரே நாளில் ஒரு மாடியையே காலி செய்து அனுப்பியபோது, அதில் இவனும் ஒருவன். ஆரம்பத்தில் விண்ணப்பங்கள் போட்டுப் பார்த்தான். நாலைந்து இடத்தில் வேண்டாம் என்றதும் லேப்டாப்பை மூடியவன்தான். அதற்குப் பிறகு சோபாதான் வீடு, ஆபீஸ், எல்லாம். தாடி மண்டிக் கிடந்தது. நண்பர்கள் போன் செய்தால் எடுப்பதில்லை. அம்மா தட்டை நீட்டினால் சாப்பிடுவான். நீட்டாவிட்டால் கேட்கவும் மாட்டான்.

“என்னப்பா சொல்றீங்க? அந்த ஸ்டோர்ஸையே நீங்கதானே கட்டி மேய்ச்சீங்க!”

“ஆள் குறைக்கிறாங்களாம். உங்க ஆபீஸ்ல பாடின அதே பாட்டுதான்.”

சமையலறையிலிருந்து வந்த அம்மா, “ஐயோ, இனிமே குடும்பம் எப்படிங்க ஓடும்?” என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா அவளைப் பார்க்கவில்லை. மகனைத்தான் பார்த்தார்.

“கடைசியா நான் இன்டர்வியூவுக்குப் போனப்ப நீ பொறக்கவே இல்லடா. இப்பல்லாம் எப்படிக் கேக்கறாங்க, என்ன சொல்லணும், ஒண்ணும் தெரியாது. கொஞ்சம் சொல்லிக் குடேன்.”

மகன் லேப்டாப்பை எடுத்து, மேலே படிந்திருந்த தூசியைச் சட்டையால் துடைத்தான். முதலில் அப்பாவுக்கு ஒரு பயோடேட்டா தயாரானது. மறுநாள் சாப்பாட்டு மேஜையில் பயிற்சி.

“உங்களைப் பத்திச் சொல்லுங்க.”

“என்னைப் பத்தி நானே என்னடா சொல்றது? நாலு பேர்கிட்ட விசாரிச்சுக்கச் சொல்லு.”

“அப்பா!”

“சரி, சரி. அடுத்தது கேளு.”

“உங்களோட பலவீனம் என்ன?”

அப்பா சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “உங்கம்மா.”

மகன் வாய்விட்டுச் சிரித்தான். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் கை, குழாய்த் தண்ணீரில் அப்படியே நின்றது.

“பழைய வேலையை ஏன் விட்டீங்க?” என்றான் அடுத்து.

“இதுக்கு நீ என்னடா சொன்ன?”

“நான் தலையைக் குனிஞ்சுட்டேன்பா. நீங்க குனியக் கூடாது. நாம தப்பு பண்ணி யாரும் அனுப்பல. ‘ஆள் குறைச்சாங்க, அதுல நானும் ஒருத்தன்’னு கண்ணைப் பார்த்துச் சொல்லணும்.”

“ஆங், இது நல்லா இருக்கு” என்றார் அப்பா.

குளிர்பதனக் கிடங்குகள் நடத்தும் ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து அப்பாவுக்கு அழைப்பு வந்தது. துணைக்கு மகனும் கிளம்பினான்.

“இந்தத் தாடியோட வந்தா, நீதான் எனக்கு அப்பான்னு நினைச்சுக்குவாங்க” என்றார். அவன் போய்ச் சவரம் செய்துகொண்டு வந்தான்.

அங்கே அப்பா உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே கதவு திறந்தது. “தம்பி, இங்க கொஞ்சம் வா” என்று கூப்பிட்டார்.

உள்ளே இருந்த பெண் அதிகாரி சிரித்தார். “கம்ப்யூட்டர்ல ஸ்டாக் பார்க்கத் தெரியுமான்னு கேட்டேன். ‘அதெல்லாம் என் பையனைக் கேளுங்க, வெளியில உக்காந்திருக்கான்’னு எழுந்துட்டார். உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?”

தன் திரையை அவன் பக்கம் திருப்பினார். அவர்களுடைய மென்பொருளில் ஒரு கிடங்கில் தீர்ந்துபோன சரக்கு, இன்னும் அங்கேயே இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. அவன் நின்றபடியே பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். எங்கே சிக்கல், அதை எப்படிச் சரிசெய்யலாம் என்று பேசப் பேச, தான் எதற்காக வந்தோம் என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று.

“பழைய கம்பெனியை ஏன் விட்டீங்க?” என்று கேட்டார் அதிகாரி.

“ஆள் குறைச்சாங்க மேடம். அதுல நானும் ஒருத்தன்.” அவன் தலை குனியவில்லை.

அடுத்த வாரம் அங்கிருந்து போன் வந்தது. அப்பாவுக்கு இல்லை, அவனுக்கு. எல்லாக் கிடங்குகளின் மென்பொருளுக்கும் அவன்தான் பொறுப்பு. அவனுக்குக் கீழே ஒரு குழு. பழைய வேலையைவிட இரண்டு படி மேலே.

அவனால் சந்தோஷப்பட முடியவில்லை. “உங்களுக்காகப் போன இடம்பா. நான் தட்டிப் பறிச்ச மாதிரி இருக்கு.”

“யார் குத்தினா என்னடா, அரிசியானா சரி.”

“இனிமே நீங்க வேலை தேடவே வேண்டாம். எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்.”

“அதை அப்புறம் பேசிக்கலாம். முதல்ல நீ ஒழுங்கா வேலைக்குப் போய்ச் சேரு.”

முதல் நாள். இஸ்திரி போட்ட சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக அவன் தெருமுனை திரும்பும்வரை அப்பாவும் அம்மாவும் பால்கனியில் நின்றார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா உள்ளே போனாள். அப்பா, காலியாகக் கிடந்த சோபாவில் காலை நீட்டிக்கொண்டு செய்தித்தாளைப் பிரித்தார்.

அம்மா வந்து அதை வெடுக்கென்று பிடுங்கினாள்.

“படிச்சது போதும், கிளம்புங்க. லீவு முடிஞ்சு இன்னிக்கும் வரலைன்னா, நிஜமாவே வேலையை விட்டுத் தூக்கிடுவேன்னு உங்க மேனேஜர் போன்ல கத்தறார்!”