பச்சைத் தண்ணீர்

எலக்ட்ரீஷியன் என் முகத்தைப் பார்க்காமலே ஏசியை அணைத்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. புது மேனேஜரின் உத்தரவு.

இறால் குஞ்சு பொரிக்கும் இந்தப் பண்ணையில் என் அறைக்குப் பெயர் 'பச்சைத் தண்ணீர் அறை'. வரிசையாகக் கண்ணாடிக் குடுவைகள், அவற்றில் கடல்நீர், கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. கோடிக்கணக்கில் பெருகும்போதுதான் தண்ணீரே பச்சையாகத் தெரியும்.

மேனேஜர் வந்து இரண்டு வாரம் ஆகிறது. எந்த அறையையும் எட்டிப் பார்த்ததில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அறைகளின் பட்டியலை மட்டும் படித்தார். நாம் குடிக்கிற பச்சைத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்.

"வெறும் பச்சைத் தண்ணிக்கு எதுக்குய்யா ஏசி?" என்று கேட்டாராம். அலுவலகமே சிரித்ததாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் பாசிக்கு இருபத்து நான்கு டிகிரி வேண்டும். நல்ல வெளிச்சம் வேண்டும். உப்பும் உரமும் அளவாக வேண்டும். அடிக்கடி குலுக்கிவிடவும் வேண்டும், இல்லையென்றால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். உபசரிப்பு விஷயத்தில் சம்பந்தி வீட்டார் தோற்றார்கள்.

ஈரச் சாக்கை ஜன்னலில் தொங்கவிட்டேன். அட்டையால் விசிறிப் பார்த்தேன். பதினோரு மணிக்கு வெப்பமானி முப்பத்து இரண்டைத் தொட்டது. ஓரக் குடுவையில் பச்சை வெளுக்கத் தொடங்கியது.

பக்கத்துக் கொட்டகையில் நேற்றுப் பொரித்த மூன்று லட்சம் குஞ்சுகள். நாளைக் காலையில்தான் முதல் இரை எடுக்கும். அந்த வயதில் இந்தப் பாசிதான் அவற்றுக்கு ஆகாரம். இது செத்தால் அவையும் போச்சு.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அறை குளிர்ந்துவிடுமா?

தள்ளுவண்டியை இழுத்து, மற்றதற்கெல்லாம் விதைப்பாசி தரும் தாய்க் குடுவைகள் பன்னிரண்டையும் ஏற்றினேன். வராந்தாவில் எல்லோரும் பார்க்க, சக்கரம் கடகடக்க, நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை. இரண்டு கையிலும் வேலை இருந்தது.

உள்ளே ஜிலுஜிலுவென்று இருந்தது. சுவரில் ஏசி இருபத்து நான்கு என்று காட்டியது. கூரை முழுக்கக் குழல்விளக்கு. மனுஷன் பாசிக்கு ஏற்ற வாழ்க்கைதான் வாழ்கிறார்.

மேசையில் இருந்த கோப்புகளை ஓரங்கட்டினேன். தேநீர்க் கோப்பையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். குடுவைகளை ஒவ்வொன்றாக அடுக்கினேன்.

எட்டாவதை வைக்கும்போதுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"யாரும்மா நீ? இதையெல்லாம் இப்பவே எடு. இல்லேன்னா இந்த நிமிஷமே உன்னை வேலையை விட்டுத் தூக்கிடுவேன்!"

"காலையில எட்டு மணிக்கே தூக்கிட்டீங்க சார். பச்சைத் தண்ணிக்கு ஆளும் வேண்டாம்னு கையெழுத்துப் போட்டதே நீங்கதான்" என்றேன்.

வண்டியில் இன்னும் நான்கு குடுவைகள் இருந்தன.