லீனா அழுத இடம்

1933, அக்டோபர். பெர்லினிலிருந்து வந்த, ஆளுங்கட்சியின் பிரசாரப் படத்தை எல்பே நதிக்கரையின் சின்ன ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது. பார்க்காமல் இருக்கப் பயம்.

கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிக்கும் ராஷ், கையில் கட்சிப் பட்டையோடு நிற்பான். யார் யார் படத்துக்கு வந்தார்கள் என்று பட்டியல் எழுதிக் கட்சி ஆபீசில் கொடுப்பதும் அவன்தான்.

லீனா போகவில்லை. படத்தில் அயோக்கியர்களாக வருவது செங்கொடிக்காரர்கள். அவள் கணவன் எமில், அச்சகத் தொழிலாளி. செங்கொடிக்காரன் என்று சொல்லித்தான் மார்ச் மாதம் அவனைச் சிறைமுகாமில் அடைத்தார்கள்.

"ஒரு தடவை போய்ட்டு வந்துடேன். கண்ணை மூடிக்கிட்டு உக்காந்துக்க" என்றாள் பக்கத்து வீட்டு எர்னா.

"காதை?"

"விளையாடாதடி. ராஷ் பெத்த தாயையே காட்டிக் குடுக்கிற ஆளு."

"குடுக்கட்டும்."

வெள்ளிக்கிழமை கட்சி ஆபீசிலிருந்து அழைப்பு வந்தது. லீனா ஒரு பையில் மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு போனாள்.

"உக்காருங்கம்மா" என்றார் அதிகாரி. குரலில் கோபமே இல்லை. "படத்துக்குப் போயிருந்தீங்க போல."

லீனா விழித்தாள்.

"மூணாவது வரிசை. அழுதீங்கன்னு எழுதியிருக்கு."

கேலி செய்கிறாரா? ஆமாம் என்றால் பொய் சொன்னதாகப் பிடித்துக்கொள்வாரா? இல்லை என்றால்?

"எந்த இடத்துல அழுதீங்க?"

இந்த மாதிரிப் படத்தில் ஒரு தாய் இல்லாமலா இருப்பாள்?

"அந்த... அம்மா வர்ற இடத்துல."

அதிகாரி மெல்லத் தலையாட்டினார். "என் சம்சாரமும் அங்கதான் அழுதா." எமிலை விடச் சொல்லி லீனா போட்டிருந்த மனுவை எடுத்துப் படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். "மேல அனுப்புறேன். போய்ட்டு வாங்க."

தெருவுக்கு வந்தும் லீனாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வேறு யாரையாவது பார்த்துத் தன் பெயரை எழுதிவிட்டார்களா? நேராகக் கொட்டகைக்குப் போனாள். பகல் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் ராஷ் மட்டும்தான்.

"பட்டியல்ல என் பேரை யாரு எழுதினது?"

"நான்தான்."

"நான் வரவே இல்லையே."

"தெரியும்மா. வராதவங்க பதினாலு பேரு. பதினாலு பேரையும் வந்ததா எழுதிட்டேன்."

"அழுதேன்னு வேற..."

"சும்மா வந்தாங்கன்னு எழுதினா சந்தேகம் வரும். ரொட்டிக்கடைக்காரர் கைதட்டினாரு. தபால்காரர் எந்திரிச்சு நின்னாரு. நீங்க அழுதீங்க."

ஆறு மாதமாக இந்த மனிதர் வணக்கம் சொன்னால் லீனா பதில் சொன்னதில்லை. அவர் வந்தாலே எதிர்ப்பக்கம் போய்விடுவாள்.

"உங்களைப் பத்தி என்னென்னவோ பேசியிருக்கேன், ஐயா. எர்னாகிட்டயாவது உண்மையைச் சொல்லிடுறேன். ஊரே உங்களைத் திட்டுது..."

ராஷ் அவசரமாகத் தலையசைத்தார்.

"வேண்டாம்மா. நாளைக்கும் என்னைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே போங்க. நாலு பேரு என்னை நல்லவன்னு சொல்ல ஆரம்பிச்சா, நான் எழுதுற பட்டியலை அப்புறம் எவன் நம்புவான்?"