மாடிப்படிக்குக் கீழே ஒரு பெஞ்சு

இன்றோடு சரி.

அப்படி முடிவு செய்துகொண்டுதான் கெத்தூரா வந்து உட்கார்ந்திருந்தாள். இந்தப் பெஞ்சில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தது போதும்.

பெஞ்சு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கறுப்பர்களுக்கென்று ஒதுக்கியது. அப்படி யாரும் பலகை எழுதி மாட்டவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரியும்.

பிலடெல்பியா நகரத்தில், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபை அது. தெற்கே மனிதர்களை இன்னும் ஏலம் போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம். சபையில் பாட்டு கிடையாது, பாதிரியும் கிடையாது. ஞாயிறு காலையில் வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது உள்ளே ஏதாவது உந்தினால் எழுந்து சொல்லலாம்.

நல்ல மனிதர்கள். அதில் சந்தேகமே வேண்டாம். அடிமைகள் விளைவித்தது என்பதற்காகத் தேநீரில் சர்க்கரையை விட்டவர்கள். அடிமைகள் பறித்தது என்பதற்காகப் பருத்தியை விட்டு, ஜூலை வெயிலிலும் கம்பளி உடுத்தி வேர்ப்பவர்கள். தப்பி வந்தவர்களை நிலவறையில் ஒளித்துவைத்து, தேடி வந்த ஷெரீப் அதிகாரியை வாசலிலேயே மறித்து நின்றவர்கள் மூன்று பேர் இந்த அறைக்குள் இருந்தார்கள். அவர்கள் மேல் அவளுக்கு மலையளவு மரியாதை.

அவள் பக்கத்தில் வந்து உட்கார மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவள் தொப்பி தைப்பவள். முன்னால் தெரிந்த சாம்பல் நிறத் தொப்பிகளில் பதினொன்று அவள் தைத்தவை. இருபத்திரண்டு வருஷமாக அவற்றின் பின்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தையலில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

நாலு தெரு தள்ளிக் கறுப்பர்களின் தேவாலயம் ஒன்று இருக்கிறது. வா வா என்று கூப்பிடுகிறார்கள். முதல் வரிசையிலேயே இடம் கிடைக்கும். அங்கே எல்லோரும் சேர்ந்து பாடினால் தெருக்கோடி வரை கேட்கும்.

அவளுக்கு இந்த மௌனம்தான் பிடித்திருந்தது. அதுதான் சங்கடம். வாரம் முழுக்க ஊசியும் வாடிக்கைக்காரர்களின் பேச்சுமாகப் போன பிறகு, இந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கும் கடவுளுக்கும். அதை இன்று விட்டுவிட்டுப் போக வேண்டும். 

இனி தபிதா பிரைஸ் கை கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

எல்லோரையும் பார்த்தபடி முன்மேடையில் உட்கார்ந்திருக்கும் மூத்தவள் அவள். எண்பது வயது. பக்கத்தில் இருப்பவருக்குக் கை கொடுத்து அவள் குலுக்கினால் கூட்டம் முடிந்தது. அதற்கு முன்னால் யாரும் எழக்கூடாது.

தபிதா எழுந்தாள்.

பேசப் போகிறாள் என்று நினைத்தார்கள். பேசவில்லை. தடியை ஊன்றி மேடையிலிருந்து இறங்கினாள். நடுவழியே பின்னால் நடந்தாள்.

தொப்பிகள் திரும்பின.

அத்தனை முகங்களையும் ஒரே நேரத்தில் கெத்தூரா இன்றுதான் பார்த்தாள்.

கிழவி அவளைத் தாண்டிப்போய், தலை இடிக்காமல் குனிந்து, அதே பெஞ்சில் சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். மூச்சு வாங்கினாள். பிறகு கையை நீட்டினாள்.

"இங்க வந்து சேர எனக்கு இவ்வளவு காலம் ஆயிடுச்சு, கெத்தூரா."

 

பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எவ்வளவு அருமையான காலை என்று பேசிக்கொண்டே சாப்பிடப் போவார்கள். அடுத்த வாரம் இந்தப் பெஞ்சு இங்கேயேதான் கிடக்கும்.

கெத்தூரா அந்தக் கையைப் பிடித்தாள்.

குலுக்கவில்லை. அப்படியே தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் இரு, தபிதா. அவங்களும் இருக்கட்டும்."

கிழவியிடம் யார் வேண்டுமானாலும் 'இரு' என்று சொல்லலாம். அது இந்தச் சபையின் வழக்கம். ஜனாதிபதியே வந்தாலும் 'நீ'தான். பேச்சில் எல்லோரும் சமம்.

தபிதா தலையசைத்தாள். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நேரம் போனது.

யாரோ இருமினார்கள். வீடுகளில் அடுப்பின் மேல் இறைச்சி கருகிக்கொண்டிருக்கும். ஆண்கள் உட்காரும் பக்கத்து மூப்பர் எனோக் தோர்னுக்கும் கூட்டத்தை முடிக்கும் உரிமை உண்டு; நினைத்திருந்தால், பக்கத்தில் இருந்தவருக்குக் கை கொடுத்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

 தான் செய்வது அடாவடியோ என்றுகூடக் கெத்தூராவுக்குத் தோன்றியது. இத்தனை வருஷம் அவர்களுடைய மௌனத்தில் அவள் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். இன்று அவளுடைய மௌனத்தில் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

நடுவரிசையில் ஒரு பலகை கிரீச்சிட்டது.

யாரோ ஒருத்தி எழுந்துவிட்டாள். எழக்கூடாதுதான். ஒரு பெண்ணின் காலடிகள் அவசரமில்லாமல் பின்பக்கம் வந்தன.

பசி பொறுக்காமல் கிளம்புகிறாளோ, கோபத்தில் கிளம்புகிறாளோ. வாசற்கதவுக்குப் போகிறவர்களும் இந்த வழியாகத்தான் வர வேண்டும்.

கெத்தூரா நிமிர்ந்து பார்க்கவில்லை.

பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, கிழவியின் பக்கமாக நெருங்கி, இந்தப் பக்கம் ஓர் ஆள் உட்கார இடம் விட்டாள்.