பிப்ரவரியில் பிறந்த ஸ்கெல்டர்

“வந்திருப்பவர்கள்: பாதிரியார் கிளைவ், பதிவேடு பார்க்கும் டன்ஸ்டன் பீல், மிஸ் மேவிஸ் ஸ்கெல்டர், மிஸ்டர் நெவில் ஸ்கெல்டர், மேவிஸின் நாய். நாய்க்கு ஓட்டு கிடையாது” என்று கூட்டக் குறிப்பைப் படித்து முடித்து, டன்ஸ்டன் கண்ணாடியைக் கழற்றினார்.

“போன தடவை நம்ம எல்லாரையும் விட அதுதான் ஒழுங்கா நடந்துக்கிச்சு” என்றார் மேவிஸ்.

நெவில் சிரிக்கவில்லை. லீட்ஸ் நகரத்தில் நாற்பது வருஷம் பஸ் டிக்கெட் பரிசோதித்தவர். அவர் ஏறினாலே ஜனம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஓய்வு பெற்ற பிறகு, வேறு வேலை இல்லாமல், தன் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பழைய ஏடுகளைத் தோண்ட ஆரம்பித்தார். அது போன அக்டோபரில் அவரை ஆஷ்தர்பி கிராமத்தில் கொண்டுவந்து குடிவைத்தது. கல்லறைத் தோட்டத்தில் பாதிப் பேர் ஸ்கெல்டர்கள். உயிரோடு மிச்சம் இருந்தது மேவிஸ் மட்டும்தான்.

ஊர் மதுக்கடைச் சுவரில் ஒரு புகைப்படம். வருஷா வருஷம் நடக்கும் சர்ச் மணித் திருநாள் ஊர்வலம். பேண்டு வாத்தியத்துக்கும் முன்னால், கழுத்தில் ஓக் இலை மாலையோடு மேவிஸ். கீழே, ‘ஸ்கெல்டர் குடும்பத்தின் மூத்த கிளை முன்னால் நடக்கும்’ என்று எழுதியிருந்தது.

ஒரு ஊரே தன் பின்னால் நடந்துவருவதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று நெவிலுக்குத் தோன்றிவிட்டது. தோன்றியது போகவே இல்லை.

“ஆரம்பிக்கலாமா தம்பி?” என்றார் மேவிஸ்.

“அண்ணன் தம்பி ரெண்டு பேரு. தாமஸ், ஜொசாயா” என்று நெவில் தாளை விரித்தார். “நீங்க தாமஸ் வழி. நான் ஜொசாயா வழி. யார் மூத்தவன்கிறதுதான் கேள்வி.”

“ஞானஸ்நானப் பதிவேட்டுல அந்தப் பக்கத்தைத்தான் எலி தின்னுடுச்சே” என்றார் பாதிரியார்.

“இங்க இருக்கிறதைத் தின்னுடுச்சு. வருஷா வருஷம் ஒரு நகல் எழுதி ஆயருக்கு அனுப்பியிருக்காங்க. அது லிங்கன் நகரத்துல பத்திரமா இருக்கு. மேவிஸ் மேடம்தான் சொன்னாங்க.”

“வாய் தவறிச் சொல்லிட்டேன்” என்று மேவிஸ் பெருமூச்சு விட்டார். “அவ்வளவு தூரம் யாரு போகப்போறான்னு நெனச்சேன்.”

“நான் போனேன். நாலு தடவை.” நெவில் நகலைத் தள்ளினார். “ஜொசாயாவுக்கு ஞானஸ்நானம் 1703 பிப்ரவரி இருபது. தாமஸுக்கு 1703 ஏப்ரல் ஒன்பது. மூத்தவனுக்குத் தாமதமா குடுத்திருப்பாங்க, அதான் ரெண்டு மாச வித்தியாசம். பிப்ரவரி முதல்ல வருமா, ஏப்ரல் முதல்ல வருமா?”

டன்ஸ்டன் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். “தாமஸ் மேல இருக்கானே. ஜொசாயா பக்கத்தோட அடியில இல்ல இருக்கான்?”

“எழுதினவரு அன்னைக்குத் தெளிவா இல்ல போல.”

“அது இல்லைங்க, அந்தக் காலத்துல…” என்று தொடங்கிய டன்ஸ்டன், “ஆ!” என்று மேசைக்கடியில் காலைப் பிடித்துக்கொண்டார்.

“டன்ஸ்டனுக்கு வாதம்” என்றார் மேவிஸ். “ஆதாரம் ஆதாரம்தான், ஃபாதர். நான் விட்டுக்குடுக்கறேன். பதினோரு வருஷம் நடந்துட்டேன், போதும்.”

கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நெவிலுக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. அதற்காக மாலையை விட முடியுமா?

“இன்னொரு விஷயம்” என்றார். “இனிமே என்னைத் தம்பின்னு கூப்பிடக் கூடாது.”

“சரிங்க அண்ணா.”

மே மாதம், மணித் திருநாள். நல்ல வெயில். மேவிஸே மாலை போட்டுவிட்டார்.

“காலையில நல்லாச் சாப்பிட்டீங்களா அண்ணா?”

“ரெண்டு முட்டை.”

“பாத்ரூம்?”

“நான் என்ன குழந்தையா?”

“நீளமான நாள், அதான் கேட்டேன்.”

பேண்டு முழங்கியது. நெவில் நடந்தார். திரும்பிப் பார்த்தார். கசாப்புக்காரர், தபால்காரி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், நாய், எல்லாம் அவர் பின்னால். அவரையும் மீறி நெஞ்சு நிமிர்ந்தது.

ஊர்வலம் சர்ச்சுக்குள் போகவில்லை. மதில் ஓரமாக இருந்த சின்னக் கல் கட்டடத்தின் முன்னால் நின்றது. புல் வெட்டும் கருவி வைக்கிற இடம் என்று நினைத்து அவர் தினமும் கடந்துபோன கட்டடம். இரும்புக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பலகை, ஒரு ரொட்டி, ஒரு கூஜா தண்ணீர்.

“இது என்ன?”

“ஊர்ச் சிறை” என்றார் மேவிஸ். “1641-ல நம்ம முப்பாட்டன் சர்ச் மணியைத் திருடி வித்துட்டாரு. அதுக்குத் தண்டனையா, வருஷத்துக்கு ஒரு நாள் மூத்த கிளை உள்ள இருக்கணும். பொழுது சாயற வரைக்கும். அந்தப் பலகையில என் இடுப்பே போச்சு.”

“இதை ஏன் யாருமே சொல்லல?”

“நீங்க மாலையைத்தானே கேட்டீங்க!”

ஊரே கை தட்டியது. நெவில் ஒரு கணம் ஊரைப் பார்த்தார். ஒருத்தரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“சரி, மூத்தவன்னு ஆயாச்சு” என்று குனிந்து உள்ளே போய்ப் பலகையில் உட்கார்ந்தார். மேவிஸ் தன் வீட்டுத் தலையணையை நீட்டினார்.

“அப்புறம் தம்பி, அந்தக் காலத்துல இங்க புது வருஷம் பொறந்ததே மார்ச் இருபத்தஞ்சுலதான். 1703-ல ஏப்ரல் போயி, கிறிஸ்துமஸ் போயி, கடைசியாத்தான் பிப்ரவரி வந்துச்சு. ஜொசாயா பத்து மாசம் சின்னவன்” என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, சாவியை இரண்டு தடவை திருப்பினார்.