நினைவாக ஒரு டியூப்லைட்

ஆவடி கோயிலின் பக்கச் சுவரில், இயேசுவைச் சிலுவையிலிருந்து இறக்கும் பழைய எண்ணெய்ச் சித்திரம். இடது மேல்மூலையிலிருந்து சரிகிற ஒளி அவருடைய வெற்று மார்பில் விழுந்து, கால்களைத் தாங்கி நிற்பவனின் ஒரு கன்னத்தைத் தொட்டு, இருட்டில் முடிந்துவிடுகிறது. அந்தக் கன்னம் ஹெலினாவின் கணவர் கிறிஸ்துதாசுடையது. வாலிபத்தில் அவரை நிற்கவைத்துத்தான் ஓவியர் வரைந்தார். கணவர் இறந்து இன்று முப்பதாம் நாள். அவருக்காக அவள் வாங்கிக் கொடுத்த டியூப்லைட்டைப் படத்துக்கு மேலே மாட்டிவிட்டு, எலக்ட்ரீஷியன் அலெக்ஸ் சுவிட்சைப் போடுகிறான். ‘கிறிஸ்துதாஸ் நினைவாக’ என்ற சிவப்பு எழுத்துகள் குழாயில் பளிச்சென்று எரிகின்றன. கீழே, படத்தின் கறுப்பெல்லாம் எண்ணெய் மினுங்கிக் கண் கூசுகிறது. கன்னம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு.

“இன்னாக்கா, சும்மா ஜொலிக்குது பாரு! அண்ணன் பேரு வாசல் வரிக்கும் தெரியுது.”

ஹெலினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

“ஆஃப் பண்ணிடு அலெக்ஸ்.”

“பண்ணா பேரு தெரியாதேக்கா?”

“மூஞ்சி தெரியலடா.”

அவன் அணைக்கிறான். ஜன்னலின் சாயங்கால வெளிச்சம் மட்டும் மிஞ்சுகிறது. கூசிய கண் இருட்டுக்குப் பழகப் பழக, முதலில் மார்பு தெரிகிறது, பிறகு பாதங்கள். கன்னத்துக்காக அவள் நிற்கிறாள்.